கிளையை எங்கே வெட்டுவது? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

மேடவாக்கத்தில் அரை கிரவுண்டு மனையில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டில் தனியாக வசிக்கும் வயதான அம்மாவின் பங்கனபள்ளி மரத்தில் இரண்டு பெரிய கிளைகள் எங்கள் மொட்டை மாடிக்கு மேல் நீண்டுவிட்டன. சருகு விழுந்து மழைநீர்க் குழாய் அடைக்கிறது. மரம் பூக்கும் தை, மாசியில் காயவைத்த துணியெல்லாம் பிசுபிசுக்கிறது. இந்தச் சித்திரையில் பழம் விழுந்து சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் ஒன்று உடைந்தது. எங்கள் பக்கம் காய்த்தவற்றை நாங்கள் பறித்ததற்கு அவர் சத்தம் போட்டார்; அன்றிலிருந்து பேச்சு இல்லை. அவரைக் கேட்காமல் கிளையை வெட்டலாமா? எங்கள் பக்கம் தொங்கும் பழம் யாருக்குச் சொந்தம்? வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்கிறார் என் கணவர். அடிமரத்தில் துளையிட்டுப் பெருங்காயம் வைத்தால் மரம் தானே பட்டுப்போகும் என்கிறார் அவருடைய அண்ணன்.

– ஒரு வாசகி, மேடவாக்கம்

அன்புள்ள சகோதரி,

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு மாமரத்தைச் சுவர் எல்லையோடு நேர்கோட்டில் அறுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனம் கனத்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. ஆகவே உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெருங்காயம். அதை வைத்தால் மரம் சாகும் என்பது வெறும் நம்பிக்கை. ஆனால் அந்த எண்ணத்தோடு ஒருவர் துளையிடத் தொடங்கிவிட்டால், அது பலிக்காதபோது அவர் கை அமிலத்தையும் களைக்கொல்லியையும் தேடும். பிறருடைய மரத்தை வேண்டுமென்றே அழிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்பதை உங்கள் மைத்துனருக்குச் சொல்லுங்கள். அவ்வாறு கொன்ற மரம் எங்கே நிற்கும் என்று யாராவது யோசித்தீர்களா? உங்கள் மாடிக்கு மேல்தான் நிற்கும். உயிருள்ள மாங்கிளை ஓரளவு காற்றுக்கு வளைந்துகொடுக்கும். பட்ட கிளை உளுத்து, காற்றே இல்லாத நண்பகலிலும் ஒடிந்து விழும். குழந்தைகள் விளையாடும் மாடிக்கு மேல் அப்படி ஒன்றைத் தொங்கவிடச் சொல்லும் யோசனையைக் கடிதத்தில் எழுதும் அளவுக்கு நீங்கள் பொருட்படுத்தியதே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பழம் மரத்துக்காரருடையது. உங்கள் பக்கம் தொங்குவதால் அது உங்களுடையதாகிவிடாது. அண்டை நிலத்தில் விழுந்த பழம் அந்த நிலத்துக்காரருக்கே என்று ஜெர்மனியின் உரிமையியல் சட்டம் சொல்கிறது. நாம் இருப்பது மேடவாக்கத்தில். குழாய் அடைப்புக்கு மாடியின் நீர்ப்போக்கியில் ஒரு வலைமூடி போதும். வக்கீல் நோட்டீஸ் இப்போதைக்கு வேண்டாம். மரமே சாய்ந்து விழும் நிலையில் இருந்தால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வழி உண்டு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மரம் நல்ல திடத்தோடு இருக்கிறது.

கேட்காமல் வெட்டலாமா என்ற கேள்விக்குச் சட்டத்தின் விடை, வெட்டலாம் என்பதே. எல்லை தாண்டி வந்த கிளையை, அண்டை நிலத்தில் கால் வைக்காமல், தன் நிலத்தில் நின்றபடியே எல்லைவரை வெட்டிக்கொள்ளலாம், அதற்கு முன்னறிவிப்பும் தேவையில்லை என்று 1894-இல் இங்கிலாந்தில் லெம்மனுக்கும் வெப்புக்கும் நடந்த வழக்கில் முடிவானது. நம் நீதிமன்றங்களும் பொதுவாக இந்த நெறியையே பின்பற்றுகின்றன. ஆனால் 'எல்லைவரை' என்னும் அந்த இடத்தில்தான் உங்கள் உரிமை உங்களுக்கே எதிராகத் திரும்புகிறது.

மரத்துக்கு உங்கள் சுவர் தெரியாது. ஒரு கிளை தாய்க்கிளையோடு சேரும் இடத்தில், அதன் அடியைச் சுற்றித் தோல் சற்றே தடித்துப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்குச் சற்று வெளியே வெட்டினால் சுற்றியுள்ள திசு நாலாபுறமும் வளர்ந்து, சில ஆண்டுகளில் வெட்டுவாயை மூடிவிடும். மரம் தன் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. அதைச் சுற்றி உள்ளுக்குள் அரண் கட்டி, கெட்ட பகுதியை ஒதுக்கிவைத்துவிட்டு மேலே வளர்கிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்தே இதை நிறுவினார். அந்த அரண் வலுவாக எழும்புவது கிளையின் அடிப்பகுதியில். உங்கள் வீட்டுச் சுவரின் நேர்மேலே, அந்தரத்தில், கிளையின் நடுவில் வெட்டினால் அங்கே மூடுவதற்கு ஏதுமில்லை. மிஞ்சிய கட்டை நுனியிலிருந்து உளுக்கத் தொடங்கும். ஆகவே உங்களுக்கு உரிமையுள்ள இடத்தில் வெட்டினால் மரம் கெடும். மரத்துக்கு ஏற்ற இடத்தில் வெட்ட வேண்டுமானால் அந்த அம்மாவின் நிலத்துக்குள் போக வேண்டும். அவருடைய சம்மதத்தைக் கேட்பதை நீங்கள் பெரிய மனதோடு காட்டும் மரியாதையாக நினைக்க வேண்டாம். அது இல்லாமல் இந்த வேலையைச் சரியாகச் செய்யவே முடியாது.

நாங்கள் அம்பத்தூரில் வாடகைக்கு இருந்தபோது வீட்டுக்காரர், பக்கத்து மாமரத்தின் கிளையைச் சுவர் மட்டத்தில் அறுக்கச் செய்தார். மரத்துக்காரப் பெரியவரிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த மழையிலேயே அந்தக் கட்டையின் நுனியைச் சுற்றிக் கொத்தாகத் தளிர்கள் வெடித்தன. சில ஆண்டுகளில் அவை ஒவ்வொன்றும் மணிக்கட்டுப் பருமனாகி, முன்பிருந்த ஒற்றைக் கிளையைவிட அடர்ந்து, செங்குத்தாக நின்றன. இத்தகைய கொம்புகள் கிளையின் உட்கட்டையிலிருந்து கிளம்புவதில்லை, மேலோட்டில்தான் ஒட்டியிருக்கின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது அவை அத்தனையும் பிய்ந்து எங்கள் பக்கத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்தன. பிய்ந்த இடத்தில் கட்டை பொடிப்பொடியாக உளுத்திருந்தது. மறுநாள் காலை அந்தப் பெரியவர் அரிவாளோடு வந்து, தம் தோட்டம் சிதைந்து கிடப்பதை விட்டுவிட்டு, எங்கள் கூரையிலிருந்த கொம்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். வீட்டுக்காரர் வெளியே வரவில்லை.

உங்கள் துணி பிசுபிசுப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிகள் பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை வெளியேற்றுகின்றன. அது படிந்த இலையில் பிறகு கரும்பூசணம் படர்கிறது. வெளிச்சமும் காற்றும் புகாத அடர்ந்த மரத்தில்தான் அவை பெருகும். சுவர் மட்டத்தில் அறுத்தால் வரும் கொத்துத் தளிர்கள் அந்த அடர்த்தியை இன்னும் கூட்டும். உள்கிளைகளை விலக்கி வெளிச்சம் விட்டால் உங்கள் துணியும் தப்பும், அவருடைய காய்ப்பும் பெருகும்.

இதைச் செய்யும் காலம் அறுவடை முடிந்த ஆவணி, புரட்டாசி. ஐப்பசி மழைக்குள் வெட்டுவாய் உலர வேண்டும். புதுத் தளிர் முற்றினால்தான் தையில் பூக்கும். இப்போதே போங்கள், கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அந்த அம்மா உங்களிடம் கோபப்பட்டது பழத்துக்காக மட்டும் இருக்காது. தனியாக இருப்பவரின் மரத்தில் கேட்காமல் கை வைத்தால், தன்னைக் கேட்பார் இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கும். பறித்ததைப் பற்றி முதலில் பேசுங்கள்; உடைந்த கண்ணாடிக் குழாயைப் பற்றி அன்று பேசாதீர்கள்.

அவர் சம்மதித்ததும், ஆள் ஏறும்போது நீங்களும் அருகில் இருங்கள். கனத்த கிளையை ஒரே அறுப்பில் எடுக்கக் கூடாது; அதன் எடையே அடிமரத் தோலை உரித்துக்கொண்டு போகும். புடைப்பிலிருந்து ஓர் அடி தள்ளி முதலில் கீழிருந்து கால்பங்கு ஆழம் அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையைக் கயிற்றில் இறக்கி, எஞ்சிய கட்டையைப் புடைப்புக்கு வெளியே சுத்தமாக அறுக்க வேண்டும். முழுக் கிளையும் போக வேண்டாம் என்று அவர் சொன்னால், வெட்டும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள பக்கக்கிளை பிரியும் இடம்வரை குறைக்கலாம். உங்கள் பக்கம் மட்டுமே வெட்டினால் மரத்தின் பாரம் அவர் வீட்டுப் பக்கம் சாயும். அங்கேயும் சிறிது குறைக்கச் சொல்லுங்கள். இந்த ஆண்டு மொத்தத் தழையில் கால்பங்குக்கு மேல் போகக் கூடாது. இரண்டு கிளைகளும் பெரியவை என்றால் ஒன்றை அடுத்த ஆவணிக்கு விடுங்கள். மழைக்காலம் முடியும்வரை, காய்ந்துபோன கொம்புகளை மட்டும் எடுத்தால் போதும்.

வெட்டுகிறவரின் கூலி முழுவதையும் நீங்களே கொடுத்துவிடுங்கள். வெட்டிய விறகு அந்த அம்மாவுடையது. அதை அவர் வாசலில் அடுக்கிவைக்கும்படி ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.