அமைதோன்: ஒரே நாளில் உழ வேண்டிய மலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேல்ஸ் தொன்மங்களில் அமைதோன் என்றொரு உழவுக் கடவுள் உண்டு என்று படித்தேன். அவனுக்கு உரிய திருநாள், படையல், மந்திரம் என்று இணையத்தில் பட்டியலே போடுகிறார்கள். இவையெல்லாம் பழைய வழக்கங்கள்தானா?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

பழையவை அல்ல. அமைதோனுக்குக் கோயிலோ கல்வெட்டோ கிடைத்ததில்லை. டோன் என்பவளின் மகனாக இடைக்கால வேல்ஸ் ஏடுகளில் ஓரிரு இடங்களில் வருகிறான், அவ்வளவுதான். அவன் பாதாள அரசன் அராவ்னிடமிருந்து மானையும் நாய்க்குட்டியையும் கவர்ந்ததால் ஒரு போர் மூண்டது என்றொரு குறிப்பு இருக்கிறது. ஆனால் உழவனாக அவனைக் காண 'கில்ஹூக்கும் ஓல்வெனும்' கதைக்குத்தான் போக வேண்டும்.

அதில் தன் மகள் ஓல்வெனைப் பெண் கேட்டு வந்த கில்ஹூக்கிடம் அரக்கன் அஸ்பதாடன் நிபந்தனைகளை அடுக்குகிறான். எதிரே தெரியும் மலையின் புதரை வேரோடு பிடுங்கி, அங்கேயே எரித்து, சாம்பலை எருவாக்கி, உழுது விதைக்க வேண்டும். கல்யாணச் சாப்பாட்டுக்கும் பானத்துக்கும் ஆகும்படி தானியம் விளைந்துவிட வேண்டும். எல்லாம் ஒரே நாளில். அதை உழ அமைதோனைத் தவிர யாராலும் ஆகாது. அவனோ தானாக வரமாட்டான். அவனுடைய சகோதரன், கொல்லன் கோவன்னோன், வயலோரம் வந்து ஏரின் இரும்புகளைச் சரிசெய்ய வேண்டும். அடுத்து, இன்னார் இன்னாருடைய எருதுகள் வேண்டும் என்று அரக்கன் பெயர் சொல்லிக் கேட்கிறான்.

உழவன், இரும்பு, எருது. இந்த வரிசையைத்தான் கவனிக்கச் சொல்வேன். மன்னன் ஹவெல் தா பெயரில் வழங்கும் வேல்ஸ் சட்டங்களில் கூட்டு உழவுப் பங்கீடும் இப்படித்தான் தொடங்குகிறது. உழுத நிலம் பன்னிரண்டு பங்கு: முதல் பங்கு உழவனுக்கு, அடுத்தது இரும்பு கொடுத்தவனுக்கு, எட்டு எருதுகளுக்கு எட்டு, எருது ஓட்டுபவனுக்கு ஒன்று, கலப்பை மரத்துக்கு ஒன்று. கதை சொன்னவருக்கு ஏர் பூட்டும் ஒப்பந்தம் மனப்பாடமாக இருந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தச் சட்டங்கள் அபாரமான நுணுக்கம் கொண்டவை. முதல் ஆணியிலிருந்து கடைசி ஆணி வரை கலப்பை செய்யத் தெரியாதவன் உழவன் பொறுப்பை ஏற்கக் கூடாது. நுகத்தடிக்கு 4, 8, 12, 16 அடி என நான்கு அளவு. ஓட்டுபவன் எருதுகளை இறுக்கியும் பூட்டக் கூடாது, தளர்த்தியும் பூட்டக் கூடாது. அவற்றின் நெஞ்சு உடைந்துபோகும்படி அதட்டவும் கூடாது. அவன் எருதுகளைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தான். அவை மிரண்டு இழுத்தால் மல்லாந்து விழுவான் என்று 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரால்ட் என்ற பாதிரியார் எழுதியிருக்கிறார். அளவுக்கு மீறி உழுது எருது செத்தால், அதன் பங்கு உடையவனுக்கே சேரும். 'கரிய எருதின் பங்கு' என்று அதற்குப் பெயர்.

இன்னொன்று. அமைதோன் அந்த மலையை உழுது முடித்தான் என்று சில பக்கங்களில் எழுதுகிறார்கள். மூலக்கதையில் அந்த உழவு நடக்கும் காட்சியே கிடையாது. அரக்கன் இன்னொரு நிபந்தனையாகக் கேட்ட ஆளி விதையை எறும்புகள் பொறுக்கித் தருவது மட்டும் சொல்லப்படுகிறது. ஒரு விதை குறைய, அதையும் இருட்டுவதற்குள் ஒரு நொண்டி எறும்பு கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது.