பழைய மாரியோ வீடியோ கேம்களைப் புதுப்பித்து வெளியிட்ட சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸில் படம் மட்டும்தான் மாறியதா?

இல்லை, கை பழகியவர்களுக்கு ஆட்டமே கொஞ்சம் மாறித் தெரியும்.

1985இல் வந்த முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். அதனால் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே வடிவம்தான். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். அந்தச் சிக்கனம் எனக்கு இன்றும் வியப்புதான். 1993இல் சூப்பர் நின்டெண்டோ என்ற வீடியோ கேம் கருவிக்காக நான்கு மாரியோ ஆட்டங்களை ஒரே கேட்ரிட்ஜில் (கருவியில் செருகும் ஆட்டப் பெட்டியில்) சேர்த்து ஆல்-ஸ்டார்ஸ் என்று வெளியிட்டபோது எல்லாவற்றையும் புதிதாக வரைந்தார்கள். ஆடிய முன்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் சேவ் வசதியும் வந்தது. அதுவரை ஜப்பானுக்கு வெளியே வராத, 1986இன் கடினமான இரண்டாம் பாகமும் 'லாஸ்ட் லெவல்ஸ்' என்ற பெயரில் அதில் இருந்தது.

சரி, வித்தியாசம் எங்கே? செங்கல்லில். காளான் எடுத்துப் பெரிதான மாரியோவை ஒரு செங்கல்லுக்கு நேர் கீழே நிறுத்திக் குதிக்க வையுங்கள். பழையதில் தலை முட்டிச் செங்கல் உடைந்ததும் மாரியோ உடனே கீழே இறங்கிவிடுவார். ஆல்-ஸ்டார்ஸில் உடைந்த பிறகும் மேலேயே போய்க்கொண்டிருப்பார். அது ஒரு நொடிகூட இருக்காது. ஆனால் அடுத்த குதிப்பின் கணக்கு அதிலேயே தவறிவிடும்.

முதல்முறை ஆடுபவருக்கு ஆல்-ஸ்டார்ஸையே சொல்வேன், சேவ் வசதிக்காகவே. பழையதில் ஊறியவர் என்றால் முதல் சில உலகங்களை (ஆட்டத்தின் பகுதிகளை) நிதானமாக ஆடுங்கள், கை தானாகப் பழகிவிடும்.