மாதவிடாய் நாளில் மட்டும் வலது நெஞ்சு வலி: மலைக்குளிர்தான் காரணமா?

கோத்தகிரியில் இருக்கிறேன், மாதவிடாய் வரும்போதெல்லாம் வலது நெஞ்சில் வலி, மூச்சு வாங்குகிறது, எல்லாரும் குளிர் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். குளிர் மாதம் முழுக்க இருக்கிறதே! வலி அந்த நாட்களில் மட்டும் வருவதுதான் முக்கியமான தடயம்.

கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு, உதரவிதானத்திலோ (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) நுரையீரல் உறையிலோ வளர்வதுண்டு; மாதவிடாய் நாட்களில் அது வலி தரும். பெரும்பாலும் வலது பக்கம். நெஞ்சு எண்டோமெட்ரியோசிஸ் என்பார்கள். மாதவிடாய் தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வலி வரும் தேதிகளைக் குறித்து வையுங்கள். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எல்லாம் வலி இருக்கும் நாளிலேயே எடுங்கள். வாரம் கழித்து எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். உதரவிதானத்தைப் பார்க்க எம்.ஆர்.ஐ. உதவும். ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. சந்தேகம் வலுத்தால், நெஞ்சுக்குள் கேமரா விட்டுப் பார்த்துத் திசு எடுத்துச் சோதிப்பார்கள். இருமலில் ரத்தம் வந்தால் காசநோய்ச் சோதனையும் அவசியம். நுரையீரல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பார்ப்பது நல்லது.

திடீரென்று மூச்சுத் திணறினால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். அப்புறம் ஒன்று: கோயம்புத்தூரில் சிகிச்சை பெற்றால், மருத்துவரைக் கேட்காமல் கோத்தகிரிக்கு மலையேறித் திரும்பாதீர்கள். நெஞ்சில் தேங்கிய காற்று உயரம் ஏற ஏற விரியும்.