ஒரு காபிக்கு எத்தனை நன்றி?

கேள்வி: கணவரின் வேலைக்காக ஸ்பெயினின் வலென்சியாவுக்கு வந்து ஐந்து மாதமாகிறது. செயலியில் படித்த 'முச்சாஸ் கிராசியாஸ்' (மிக்க நன்றி) எல்லோரிடமும் சொல்கிறேன். காபிக் கடைக்காரர் சிரிக்கிறார். டப்பாவில் சோறு கொடுத்தனுப்பும் எதிர்வீட்டுப் பாட்டியோ, "எதற்கு இத்தனை நன்றி?" என்கிறார். தப்பாகச் சொல்கிறேனா?
– வாசகி, வலென்சியா

பதில்: தப்பில்லை, கொஞ்சம் அதிகம். காபி வந்ததும் ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என்று 'மிக்க நன்றி' சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். நம் வீட்டில் தோசை போடும் அம்மாவிடம் ஒவ்வொரு தோசைக்கும் நன்றி சொல்வோமா? கடையில் ஒரு 'கிராசியாஸ்' போதும். அவர் 'அ தி' என்றால், 'உனக்குத்தான் நன்றி' என்று பொருள். அங்கே மரியாதை வணக்கத்தில்தான் அதிகம் தெரியும். லிஃப்டில் ஏறும்போது 'புவேனோஸ் தியாஸ்' (காலை வணக்கம்), கடையை விட்டுக் கிளம்பும்போது 'அஸ்தா லுவேகோ' (அப்புறம் பார்க்கலாம்) சொல்ல மறக்காதீர்கள்.

உச்சரிப்பு பற்றிக் கவலை வேண்டாம். ஸ்பெயினில் பெரும்பாலோர் நாக்கைப் பல்லிடையில் வைத்து 'கிராத்தியாஸ்' என்பார்கள். உங்கள் செயலி சொல்லித் தந்தது லத்தீன் அமெரிக்க உச்சரிப்பு, அவ்வளவுதான்.

பாட்டி விஷயம் வேறு. அவரிடம் எண்ணிக்கையைக் குறைத்து, எதற்கு நன்றி என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். 'கிராசியாஸ் போர் எல் அரோஸ்' என்றால் சோற்றுக்கு நன்றி. 'ரொம்ப நல்லா இருந்தது' என்பதற்கு 'எஸ்தாபா மூய் புவேனோ'. அவர் சமைத்ததை நீங்கள் சாப்பிட்டீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். இன்னும் வேண்டுமா என்று கேட்டால் மொட்டையாக 'கிராசியாஸ்' என்று நிறுத்தாதீர்கள், வேண்டுமா வேண்டாமா என்று புரியாது. முன்னால் ஒரு 'சீ' (ஆமாம்) அல்லது 'நோ' (வேண்டாம்) சேருங்கள்.

மருத்துவமனைக்குத் துணைக்கு வருவது போன்ற பெரிய உதவி என்றால், 'செ லோ அக்ரதேஸ்கோ முச்சோ' (இதற்கு உங்களுக்கு ரொம்ப நன்றி) சொல்லலாம். இது 'நீங்கள்' போட்டுப் பேசும் வடிவம். "என்னை 'நீ' என்றே கூப்பிடு" என்று பாட்டியே சொன்னால் 'செ'வை 'தே' ஆக்கிவிடுங்கள். எண்பது வயதுக்காரரை 'நீ' என்பது நமக்குக் கூசும்தான். அங்கே அது நெருக்கம், அப்புறம் பழகிவிடும்.

அப்புறம் இன்னொன்று. வலென்சியாவுக்கென்று சொந்த மொழி உண்டு. பாட்டி வீட்டில் அதைப் பேசுபவராக இருந்தால், ஒரு தடவை அந்த மொழியிலேயே மிக்க நன்றி, அதாவது 'மோல்தெஸ் கிராசியெஸ்' சொல்லிப் பாருங்கள்.

டப்பாவை மட்டும் வெறுமனே திருப்பிக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் எலுமிச்சை சாதம் வையுங்கள், மிளகாயைக் குறைத்து.