கேட்டைத் திறந்து வையுங்கள், நன்கொடை அப்புறம் கேட்கலாம்

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கீழ்ப்பாக்கத்தில் எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துத் தோட்ட வீடு ஒன்று இருக்கிறது. விற்க மனமில்லாமல் பங்காளிகள் எல்லோரும் பேசி அறக்கட்டளையாக்கிவிட்டோம். மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய சுண்ணாம்புக் கூரை ஒழுகுகிறது, தோட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கவே திண்டாட்டம். மக்களுக்குத் திறந்துவிட்டு நன்கொடை திரட்டலாம் என்கிறாள் என் மகள். யார் கொடுப்பார்கள்? எங்கே ஆரம்பிப்பது?
- ஒரு வாசகி, கீழ்ப்பாக்கம்

பதில்: விற்க வேண்டாம் என்று எல்லோரும் ஒரே மனதாக முடிவெடுத்தீர்களே, அதற்கே உங்கள் குடும்பத்துக்கு ஒரு கும்பிடு. நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, கீழ்ப்பாக்கம், அடையாறு என்று ஊரெல்லாம் ஒரு காலத்தில் தோட்ட வீடுகள் இருந்தன. தப்பிப் பிழைத்தவற்றில் பல, ஏதோ ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனதால் பிழைத்தவை. டவ்டன் ஹவுஸ் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரிக்குள் இருக்கிறது. அடையாற்றங்கரையில் மவுப்ரே என்ற வெள்ளைக்காரர் கட்டிய மாளிகை மெட்ராஸ் கிளப் வசம் இருக்கிறது (அவர் பெயரில் இருந்த சாலைதான் இன்றைய டி.டி.கே. சாலை). ஒரு குடும்பமாக நின்று காப்பாற்றுவது இதையெல்லாம் விடக் கஷ்டம், தெரிந்தேதான் இறங்கியிருக்கிறீர்கள்.

யார் கொடுப்பார்கள்? உள்ளே வந்து பார்த்தவர்கள் கொடுப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது யாரோ பணக்காரர் வீடு, அவ்வளவுதான். நாகலிங்க மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனவருக்கு அது தன் தெருத் தோட்டம். அதனால் முதல் வருடம் பணம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். மாதம் ஒரு ஞாயிறு காலையில் கேட்டைத் திறந்து வையுங்கள். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் வந்து மரங்களுக்குப் பெயர்ப் பலகை எழுதட்டும், மார்கழியில் தெருப் பெண்கள் உங்கள் வாசலில் கோலம் போடட்டும், வயதானவர்கள் நடக்கட்டும். 1639 ஆகஸ்ட் 22-ஐச் சென்னையின் பிறந்த நாளாக வைத்து 2004-லிருந்து ஆர்வலர்கள் கொண்டாடி வருகிறார்கள் இல்லையா, அந்த வாரத்தில் ஊரெங்கும் மரபு நடை நடக்கும். அதில் ஒரு நடை உங்கள் வீட்டில் முடிகிற மாதிரி பேசிப் பாருங்கள். செலவு மோரும் சுண்டலும்தான்.

சின்னத் தொகையெல்லாம் எம்மாத்திரம் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 1927-ல், மாவட்டச் செவிலியர்களுக்கு நிதி சேர்ப்பதற்காகத் தனியார் தோட்டங்களை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் திறந்தார்கள். முதல் வருடமே 609 தோட்டங்கள் திறந்து 8,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது, அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுன்ட் வெர்னான் பண்ணை வீடு இடிந்து விழும் நிலையில் இருந்தபோது, ஆன் பமீலா கன்னிங்ஹாம் என்ற பெண்மணி 1853-ல் கடிதம் எழுதி ஊர் ஊராகப் பெண்களைத் திரட்டினார். 2 லட்சம் டாலர் விலை பேசி 1858-ல் ஒப்பந்தம் போட்டார்கள். அதே பெண்கள் சங்கம்தான் அரசுப் பணம் இல்லாமல் இன்றுவரை அதை நடத்துகிறது.

நமக்கு இதைக் கற்றுக்கொடுக்க வெளியூரிலிருந்து ஆள் வரவே வேண்டாம். கோயில் டியூப் லைட்டில்கூட உபயம் என்று பெயர் எழுதி வைக்கிற ஊர் இது. தாத்தா திதிக்கு அன்னதானம், பேத்தி நட்சத்திரத்துக்கு அர்ச்சனை என்று வருடத்தில் ஒரு நாளை எழுதி வைக்கிற கட்டளை வழக்கம் நம் ரத்தத்திலேயே இருக்கிறது. அதையே தோட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தோட்டக்காரர் சம்பளம், தண்ணீர், மின்சாரம், உரம் எல்லாவற்றையும் கூட்டி 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் செலவு வந்துவிடும். அந்த ஒரு நாளை ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளட்டும், அன்றைக்கு வாசல் கரும்பலகையில் அவர்கள் பெயரை எழுதுங்கள். 'பராமரிப்பு நிதி' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் யாருக்கும் கை நீளாது. செலவுக் கணக்கை மாதாமாதம் அதே பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், இதில் மட்டும் சோம்பல் கூடாது.

டெரஸ் விஷயத்துக்கு வருகிறேன். அவசரப்பட்டு மேலே சிமெண்ட் பூசிவிடாதீர்கள். தேக்கு உத்தரத்தின் மேல் மெல்லிய சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டை ஓடு பதித்த கூரை அது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே பூட்டிவைக்கும், அப்புறம் உத்தரம் உளுத்துப்போகும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், மரபுக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பின் சென்னைப் பிரிவில் விசாரித்தால் வழி கிடைக்கும். இந்த வேலை நடக்கிற நாட்களையே ஒரு பயிற்சி முகாமாக்குங்கள். கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் கட்டணம் கட்டி வந்து கற்றுக்கொள்வார்கள், வீடு புதுப்பிக்கிறவர்களும் வருவார்கள். மேஸ்திரிக்கு ஆசிரியர் என்ற மரியாதையோடு தனிச் சம்பளம் கொடுங்கள், அவர் கையில் இருக்கிற வித்தைக்கு அதுதான் நியாயம்.

கேள்வி: எங்கள் வளாகத்திலும் பழைய பங்களா, பெரிய மாந்தோப்பு. கல்யாணத்துக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் விட்டால் ஒரே நாளில் ஒரு வருடச் செலவு வந்துவிடும் என்கிறார்கள். விடலாமா?
- ஒரு வாசகர், பல்லாவரம்

பதில்: விடலாம், தோப்பை விட்டுவிட்டு. மரத்தின் உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேலே ஒன்றரை, இரண்டு அடி மண்ணுக்குள்தான் பரவியிருக்கும். அந்த மண்ணின் மேல் நூறு காரும் ஜெனரேட்டர் வேனும் ஏறி நின்றால் மண் இறுகி, காற்றும் தண்ணீரும் இறங்காது. மரம் உடனே காட்டிக்கொடுக்காது, இரண்டு மூன்று வருடம் கழித்து உச்சிக் கிளை காயும்போது யாருக்கும் அந்தக் கல்யாணம் ஞாபகம் இருக்காது. பந்தல் கால் நட வேரை வெட்டுவது, சமையல் எண்ணெயை மரத்தடியில் கொட்டுவது, மரத்தில் ஆணியடித்து சீரியல் லைட் கட்டுவது, இதற்கெல்லாம் ஒப்பந்தத்திலேயே தடை போடுங்கள், முன்பணத்தில் பிடித்தம் செய்வோம் என்றும் எழுதுங்கள். வண்டிகளுக்குக் காம்பவுண்டுக்கு வெளியே இடம் பாருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டமே. வருடத்துக்கு இத்தனை நாள்தான் என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். வாடகை ருசி பழகிய பிறகு அந்த முடிவை யாராலும் எடுக்க முடியாது.

கேள்வி: இப்படிப்பட்ட இடங்களுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டா? கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்தைக் கேட்கலாமா?
- ஒரு வாசகர், அண்ணா நகர்

பதில்: அறக்கட்டளை வருமான வரித் துறையிடம் பதிவு பெற்றிருந்தால்தான் 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வரிச் சலுகை. பொதுவாகக் கொடுத்ததில் பாதியை வரி போடும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடைக்காது. சி.எஸ்.ஆர். கேட்கலாம், அந்தப் பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற சட்டப் பட்டியலில் வரலாற்றுக் கட்டடப் பாதுகாப்பும் இருக்கிறது. ஆனால் கம்பெனி தானே தொடங்காத அறக்கட்டளை என்றால் மூன்று வருடமாவது வேலை செய்து காட்டியிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர் அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் அனுமதி இல்லாமல் அவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பழைய தோட்டங்களைக் காட்ட வேண்டும். எங்கே கூட்டிப்போகலாம்?
- ஓர் ஆசிரியை, பெரம்பூர்

பதில்: அடையாறு தியசாபிகல் சொசைட்டிதான் முதலில். 1882-ல் ஹடில்ஸ்டன் கார்டன்ஸ் என்ற தோட்ட வீட்டை வாங்கி ஆரம்பித்தது, இன்று சுமார் 260 ஏக்கர். அங்குள்ள ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்தது, விழுதுகள்தான் இப்போது மரம். பள்ளியின் கடிதத்தோடு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கலாக்ஷேத்ராவும் 1936-ல் அந்த மண்ணில்தான் தொடங்கி, 1962-ல் திருவான்மியூருக்குப் போனது, இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். தென் மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக்கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள், பிள்ளைகள் சக்கரத்தில் பானை செய்து பார்க்கலாம். 1996-லிருந்து ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. நுழைவுச் சீட்டு வாங்கும்போது, இந்தப் பணம் எதற்குப் போகிறது என்று பிள்ளைகளையே அங்கிருப்பவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.