கூச்சப்படுற ஆள் தான் முக்கியம்: குடும்ப போட்டோ, வாசகர் கேள்வி பதில்

குடும்ப போட்டோ பத்தி கேளுங்கன்னு போன இதழ்ல போட்டதும் ராமேஸ்வரம் தீவுல இருந்து சாயல்குடி பக்கம் வரைக்கும் நிறைய பேர் எழுதியிருக்கீங்க, பாதி கடுதாசியில கேள்வி ஒன்னு தான், எந்த ஸ்டைல் எங்க வீட்டுக்கு ஒத்துவரும்னு. ராமநாதபுரத்துல 20 வருஷமா ஸ்டுடியோ வச்சிருக்கேன், எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

தங்கச்சிமடத்துல இருந்து ஒரு வாசகி: அண்ணே, எங்க வீட்டுல சின்னது பெருசு எல்லாம் சேத்து 11 பேர். ரெண்டு வருஷமா குடும்ப போட்டோ எடுக்கணும்னு பேச்சு மட்டும் நடக்குது. தங்கச்சி, எல்லாரும் ஒரே கலர்ல டிரஸ் போட்டு தனுஷ்கோடியில கேண்டிட், அதான் போஸ் குடுக்காம இயல்பா இருக்குறப்ப எடுக்குற படம், எடுக்கணும்ங்குறா. அம்மா, ஸ்டுடியோவுல வரிசையா நின்னு எடுத்தாத்தான் போட்டோங்குறாங்க. அப்பா மீன்பிடி போட்டுக்கு போறவரு, கேமராவ பாத்தாலே எந்திரிச்சு போயிருவாரு. எத எடுக்குறது?

தங்கச்சி கேக்குறதும் தப்பில்ல, அம்மா கேக்குறதும் தப்பில்லம்மா, ஆனா நீங்க முடிவு பண்ண வேண்டியது அப்பாவ பாத்துத்தான். வீட்டுல யாரு கேமராவுக்கு ரொம்ப கூச்சப்படுறாங்களோ அவங்களுக்கு எது ஒத்துவருதோ அதான் அந்த வீட்டு ஸ்டைல், மத்தவங்க எப்படி வேணாலும் நின்னுக்குவாங்க.

இத ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, ராத்திரி 11 மணிக்கு மேல ஸ்டுடியோ கதவ தட்டுறவங்க எதுக்கு வர்றாங்கன்னு எனக்கு தெரியும். வீட்டுல ஒருத்தர் தவறியிருப்பாரு, விடியுறதுக்குள்ள பேனர் அடிக்கணும், மாலை போட ஒரு படம் வேணும், எல்லார் போன்லயும் தேடிப் பாத்துட்டு கடைசியா யார் வீட்டு கல்யாணத்துலயோ பந்தியில குனிஞ்சு சாப்புடுற போட்டோவ கொண்டாந்து இதுல முகத்த மட்டும் வெட்டி குடுங்கண்ணேன்னு நிப்பாங்க. அப்படி வர்ற படம் எல்லாமே கூச்சப்பட்டு ஒதுங்கி ஒதுங்கி நின்ன ஆளோட படமாத்தான் இருக்கும். எங்க அப்பாவுக்கும் அப்படித்தான் ஆச்சு, அவருக்குன்னு இருந்தது ரேஷன் கார்டுக்கு எடுத்த ஒரே படம், அதுல வெறைச்சுப்போயி யாரோ மாதிரி இருப்பாரு, இன்னைக்கும் அந்த படத்துல எங்க அப்பாவ என்னால பாக்க முடியல.

உங்களுக்கு தோதான நேரம் மீன்பிடி தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில நிக்கும், அப்பா வீட்டுல இருப்பாரு, வலைய பிரிச்சு போட்டு பாப்பாரு, படகுக்கு பெயின்ட் அடிப்பாரு. கையில வேலை இருக்குற மனுசனுக்கு கேமரா மறந்துபோயிரும். போட்டோகிராபர ரெண்டு தடவையா வரச்சொல்லுங்க, மொத தடவை கேமராவ வெளிய எடுக்காம டீ குடிச்சு பேசிட்டு போகட்டும், ரெண்டாவது தடவை அப்பா வலை பின்னிக்கிட்டு இருக்கும்போது பேரப்புள்ளைங்கள பக்கத்துல விடுங்க, அதுங்க நூல இழுக்கும் அவரு அதட்டுவாரு, அதுக்குள்ள நாலு படம் கெடச்சிரும்.

இதுக்கு பேரு டாக்குமென்டரி ஸ்டைல், யாரையும் நிக்க வைக்கமாட்டாங்க, பாருன்னு சொல்லமாட்டாங்க. இப்ப நம்ம பக்கம் கேண்டிட்னு பேக்கேஜ்ல போட்டு குடுக்குறது பெரும்பாலும் இது இல்ல, நடந்து வாங்க, சிரிங்க, திரும்பி பாருங்க, இன்னொரு தடவைன்னு சொல்லி சொல்லி எடுக்குறது தான். இளவட்டங்களுக்கு அது சரி, உங்க அப்பா மாதிரி ஆளுக்கு ஸ்டுடியோவுல நிக்குறதவிட கஷ்டம். அதனால புக் பண்ணும்போதே அவங்க எடுத்த ஒரு வீட்டோட முழு ஆல்பத்தையும் கேட்டு பாருங்க, இன்ஸ்டாவுல போட்ட பத்து படத்த மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. ஆல்பத்துல வயசானவங்க முகம் எப்படி இருக்குன்னு பாத்தாலே தெரிஞ்சுபோயிரும்.

அம்மா கேட்ட வரிசை போட்டோவ அன்னைக்கே கடைசியில வாசல்ல எடுத்துருங்க, அப்பா அதுக்குள்ள பழகியிருப்பாரு, அஞ்சு நிமிஷ வேலை. டியூப்லைட்டுக்கு கீழ வேணாம், தாழ்வார நெழல்ல வெளிப்பக்கமா முகத்த திருப்பி நிக்கட்டும், முகத்துல வெளிச்சம் சமமா விழும். எடம் பத்தலன்னு போன்ல 0.5 போட்டு, அதான் அகலமா புடிக்குற லென்ஸ்ல, எடுக்காதீங்க, ஓரத்துல நிக்குறவங்க இழுத்து அகலமா தெரிவாங்க, அப்புறம் வருஷம் முழுக்க அத்தை கேட்டுக்கிட்டே இருப்பாங்க. தங்கச்சியோட தனுஷ்கோடி, சின்னவங்க மட்டும் இன்னொரு நாள் போயிட்டு வாங்க, இருட்டுறதுக்குள்ள அங்கருந்து வெளிய அனுப்பிருவாங்க, அத கணக்கு பண்ணி கெளம்புங்க.

வாலிநோக்கத்துல இருந்து ஒரு வாசகர்: கடற்கரையில தான் எடுக்கணும்னு வீட்டுல எல்லாரும் சொல்றாங்க. போன வருஷம் எடுத்ததுல எங்க முகம் எல்லாம் கருப்பா இருந்துச்சு, சரி பண்ணி குடுங்கன்னு கேட்டா யாருன்னே தெரியாத அளவுக்கு வெள்ளையாக்கி குடுத்துட்டாங்க. எப்ப போகணும், என்ன டிரஸ் போடணும்?

படிச்சதும் கஷ்டமா இருந்துச்சு சார், ரெண்டு தப்பு நடந்துருக்கு. வெள்ளை மணல், பளபளன்னு தண்ணி, இதுக்கு நடுவுல ஆள் நின்னா கேமரா மொத்த வெளிச்சத்தையும் பாத்துட்டு அதிகம்னு நெனச்சு கொறச்சிரும், அதுல முகம் இருண்டு போயிரும். இது உங்க நிறத்தோட தப்பு இல்ல, எடுக்கும்போதே முகத்த கணக்கு வச்சு எக்ஸ்போஷர, அதான் கேமரா உள்ள வாங்குற வெளிச்சத்த, கூட்டி எடுத்திருக்கணும். அத செய்யாம விட்டுட்டு அப்புறம் கம்ப்யூட்டர்ல வெள்ளையடிச்சா அது நீங்களே இல்லாம போயிருது. வெயில்ல வேலை செஞ்சு வந்த நிறம் அது, அம்மாகிட்ட இருந்து வந்த நிறம், அதோட தான் படம் இருக்கணும். அட்வான்ஸ் குடுக்கும்போதே சொல்லிருங்க, எங்க நிறத்துல கை வைக்காதீங்க, பரு இருந்தா வேணா எடுங்க, மச்சம் தழும்பு எல்லாம் அப்படியே இருக்கட்டும்னு. இத சொன்னதும் மூஞ்ச சுளிக்குற போட்டோகிராபர் உங்க வீட்டுக்கு வேணாம்.

நேரம்னா வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, காலையில சூரியன் வந்து ஒரு மணி நேரம், இல்லன்னா சாயங்காலம் 5 மணிக்கு மேல. 11 மணிக்கு போனா கண்ணு குழியில நெழல் விழும், எல்லாரும் கண்ண சுருக்குவாங்க. அப்படியே போயாகணும்னா தண்ணி ஓரத்துக்கு போகாதீங்க, பனைமரத்து நெழல்ல நில்லுங்க, முன்னாடி இருக்குற மணலே வெளிச்சத்த முகத்துக்கு திருப்பி குடுக்கும். காத்தையும் பாக்கணும், உங்க பக்கம் மன்னார் வளைகுடா, ஆண் கடல்னு சொல்லுவாங்களே அது. ஜூன் ஜூலையில கச்சான் காத்து அடிக்கும்போது மணல் கண்ணுல விழும், முந்தானை நிக்காது, கொழந்தைங்க அழுவும். அந்த மாசத்துல வடக்க பாக் ஜலசந்தி பக்கம், பெண் கடல் பக்கம் போயிருங்க, தண்ணி குளம் மாதிரி கெடக்கும். வாடை காத்து மாசத்துல அப்படியே மாத்திக்கங்க. டிரஸ்ஸு, எல்லாரும் ஒரே டீசர்ட் வேணாம், அது டூர் குரூப் மாதிரி இருக்கும், அவங்கவங்க அலமாரியில இருக்குறதுல மஞ்சள், மெரூன், பச்சைன்னு அடங்குன கலரா எடுத்தா மணலுக்கும் கடலுக்கும் முன்னாடி எடுப்பா இருக்கும்.

கீழக்கரையில இருந்து ஒரு வாசகர்: நான் சபராளி, துபாய்ல வேலை. 30 நாள் லீவுல வர்றேன். வாப்பா உம்மா, வீட்டுக்காரங்க, புள்ளைங்களோட நல்ல படம் வேணும், ஆனா வீட்டுப் பொம்பளைங்க படம் வெளிய போகக்கூடாது. போன தடவை ஒரு ஸ்டுடியோவுல எடுத்தத கேக்காமலே அவங்க விளம்பரத்துல போட்டுட்டாங்க, உம்மா அழுதுட்டாங்க.

உம்மா அழுததுல நியாயம் இருக்கு. காசு குடுத்து எடுக்கச்சொன்ன போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் எதுவும் இல்லன்னா, உரிமை எடுக்கச்சொன்னவங்களுக்குத்தான், 1957 பதிப்புரிமைச் சட்டம் 17வது பிரிவு அப்படித்தான் சொல்லுது. நிறைய ஸ்டுடியோக்காரங்களுக்கே இது தெரியாது, படம் எடுத்தவனுக்குத்தான் சொந்தம்னு நெனச்சுக்குறாங்க. அதனால புக்கிங் பில்லுல பொடி எழுத்துல என்ன அடிச்சிருக்குன்னு படிங்க, விளம்பரத்துக்கு பயன்படுத்துவோம்னு இருந்தா அத கோடு போட்டு அடிச்சிட்டு கையெழுத்து வாங்குங்க, எங்கயும் போடமாட்டோம்னு ஒரு வரி எழுதியும் வாங்குங்க. படம் குடுத்து முடிச்சதும் உங்க முன்னாடியே அவங்க கம்ப்யூட்டர்ல இருந்து அழிக்கச் சொல்லுங்க, அதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு எடத்துல காப்பி வச்சுக்கங்க.

பொம்பள போட்டோகிராபர் கெடச்சா ரொம்ப நல்லது, எங்க ஸ்டுடியோவுல இந்த மாதிரி வேலைக்கு என் வீட்டம்மா தான் போறாங்க, அவங்க போற வீட்டுல வர்ற சிரிப்பு நான் போனா வராது. ஸ்டைலும் வேற மாதிரி யோசிக்கலாம், முகம் தெரிஞ்சாத்தான் படம்னு இல்ல. உம்மா மருதாணி வச்ச கையில பேத்தி கை, முற்றத்துல வாப்பா தொழுகைக்கு கெளம்பி செருப்ப தேடுறது, புள்ளைங்க முதுகு தெரிய ஜன்னல் ஓரம், இப்படி ஒரு 12 படம் சின்ன ஆல்பமா போட்டு நீங்க துபாய் ரூமுக்கு கொண்டு போங்க, கூட தங்கியிருக்குறவங்க பாத்தாலும் சங்கடம் இருக்காது. முகத்தோட எடுத்தத பிரிண்ட் மட்டும் போட்டு வீட்டு அலமாரியில வைங்க. ஒன்னே ஒன்னு, துபாய்க்கு திரும்புற அன்னைக்கு எடுக்காதீங்க, எல்லார் கண்ணும் செவந்திருக்கும். வந்து ஒரு வாரம் கழிச்சு எடுங்க.

உச்சிப்புளியில இருந்து ஒரு வாசகர்: ட்ரோன் வச்சு தோப்புக்கு மேல இருந்து குடும்பமா எடுக்கலாமா?

உங்க ஊர்லயே கடற்படையோட ஐஎன்எஸ் பருந்து விமான தளம் இருக்கு தம்பி, மொதல்ல எங்க ட்ரோன் விடலாம்னு காட்டுற அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்ப பாருங்க. சிவப்புல இருந்தா மத்திய அரசு அனுமதி இல்லாம பறக்க விடக்கூடாது, மஞ்சள்ல இருந்தா ஏர் ட்ராபிக் கன்ட்ரோல்கிட்ட அனுமதி வாங்கணும். அதெல்லாம் கெடச்சாலும் மேல இருந்து உச்சந்தலை தான் தெரியும், மாடியில நின்னு எடுத்தா முகமும் தெரியும் தோப்பும் தெரியும்.

தேவிபட்டினத்துல இருந்து ஒரு வாசகி: தாத்தாவும் அப்பத்தாவும் தனுஷ்கோடியில இருந்தப்ப எடுத்த கருப்பு வெள்ளை படம் ஒன்னு இருக்கு. அத மாதிரியே நாங்க எல்லாரும் நின்னு எடுக்க ஆசை. ஆனா படம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு, பிரிக்கலாமா?

பிரிக்காதீங்க, பிரிக்கவே பிரிக்காதீங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல ஒரு ஊரே போனப்போ அதுக்கு முன்னாடி எடுத்த படம் உங்க வீட்டுல தங்கியிருக்குன்னா அது எவ்வளவு பெரிய விஷயம். போட்டோ மேல ஜெலட்டின் பூச்சு இருக்கும், கடலோர ஈரத்துல அது ஊறி கண்ணாடியில பசை மாதிரி புடிச்சிரும், இழுத்தா முகம் கண்ணாடியோட போயிரும். ஃப்ரேமோட கொண்டு போயி கண்ணாடி வழியாவே காப்பி எடுக்கச் சொல்லுங்க, ஃப்ளாஷ் போடாம ரெண்டு பக்கமும் 45 டிகிரியில லைட் வச்சு எடுத்தா பளபளப்பு விழாது, தெளிவா வந்துரும். கருப்பு வெள்ளை படம் வெள்ளியில ஆனது, அதான் இத்தன வருஷம் நின்னுருக்கு. உங்க வீட்டுல 1970கள்ல எடுத்த கலர் படம் இருந்தா எடுத்து பாருங்க, செவந்து போயிருக்கும், அதுல நீலச்சாயம் தான் மொதல்ல போகும், அதையும் சேத்து இப்பவே காப்பி எடுத்துருங்க.

அதே மாதிரி நிக்குறது நல்ல யோசனை, நெறைய ஆள் இருக்குற வீட்டுக்கு நான் இந்த ஸ்டைல தான் சொல்லுவேன், ஏன்னா எங்க நிக்கணும் எப்படி நிக்கணும்னு தாத்தாவே சொல்லி குடுத்துட்டாரு, யாருக்கும் கூச்சம் இருக்காது. நாற்காலி, கை வச்சிருக்குற விதம், யாரு உக்காந்திருக்கா யாரு நிக்குறா, அத மட்டும் அப்படியே வைங்க, பழைய காலத்து வேஷம் எல்லாம் கட்ட வேணாம். புதுசா ஃப்ரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல மவுன்ட் போர்டு, அதான் தடிமனான அட்டை, வச்சு இடைவெளி விடச்சொல்லுங்க, இல்லன்னா இதுவும் ஒட்டிக்கும். கடல் பாத்த செவத்துல மாட்டாதீங்க, உள்செவத்துல மாட்டுங்க.

பாம்பன்ல இருந்து ஒரு வாசகர்: எங்க அப்பத்தாவுக்கு 80 தாண்டிருச்சு. போட்டோ எடுத்தா ஆயுசு கொறயும்னு சொல்லி ஒரு படம் கூட எடுக்க விட்டதில்ல. தூங்கும்போது எடுத்துரலாமான்னு தம்பி கேக்குறான்.

வேணாம். அது களவு மாதிரி, அப்பத்தாவுக்கு தெரிஞ்சா உங்கள நம்பமாட்டாங்க. தெரியலன்னாலும் அந்த படத்த நீங்க நிம்மதியா மாட்டி வைக்க முடியாது. அப்பத்தா என்ன வேலை செய்வாங்கன்னு நீங்க எழுதல, எங்க பக்கத்துல அந்த வயசு ஆளுங்க பாதிபேர் ஓலைப்பெட்டி முடைவாங்க, கருவாடு காய வைப்பாங்க, அப்படி ஏதாவது இருந்தா சாயங்காலம் பக்கத்துல போயி உக்காருங்க. மொதல்ல போன அவங்க கையில குடுத்து உங்கள எடுக்கச்சொல்லுங்க, ஆடுனாலும் பரவாயில்ல, அத பிரிண்ட் போட்டு அவங்க பொட்டியிலயே வைக்கச்சொல்லுங்க. ஒரு வாரம் கழிச்சு, முகம் வேணாம் அப்பத்தா, பெட்டி முடையுற கைய மட்டும் எடுத்துக்கவான்னு கேளுங்க. சரின்னா எடுங்க, வேணாம்னா போன பையில வச்சிட்டு அவங்களுக்கு ஓலை கிழிச்சு குடுங்க.