இறால் விருந்தும் ஒரு தூதரும்

அன்புள்ள ஐயா,

தொழில்முறைத் தூதர்கள் இருக்கும்போது நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தூதர்களாக அனுப்புவது சரியா? 1974இல் ஆஸ்திரேலியாவின் செனட்டர் வின்ஸ் கேர் அயர்லாந்துக்குத் தூதராக்கப்பட்டதைப் படித்தேன். தன்னை எதிர்க்கும் கட்சிக்காரருக்கே பதவி கொடுத்த பிரதமர் விட்லமின் பெருந்தன்மை வியப்பளித்தது.

ம.

அன்புள்ள ம.,

பெருந்தன்மையா! தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரு காலத்தில் நானும் இப்படி நம்பியவன்தான்.

தூதர் நியமனம் என்றதும் எல்லோரும் அவர் எங்கே போகிறார் என்று பார்க்கிறார்கள். எதைக் காலி செய்துவிட்டுப் போகிறார் என்று பாருங்கள். விட்லமின் தொழிற்கட்சிக்கு மேலவையான செனட்டில் பெரும்பான்மை கிடையாது. அந்த ஆண்டு மே மாதம் செனட்டின் பாதி இடங்களுக்குத் தேர்தல் நடப்பதாக இருந்தது. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 5 இடங்கள். விகிதாசார முறையில் ஐந்தில் மூன்றைப் பிடிக்கப் பாதி வாக்கு வேண்டும். அதே மாநிலத்தின் செனட்டரான கேரின் பதவிக்காலம் முடிய இன்னும் வருடங்கள் இருந்தன. அவர் விலகினால் 6 இடங்கள். ஆறில் மூன்றுக்கு 43 சதவீதம் போதும். நீங்கள் பெருந்தன்மை என்கிறீர்களே, அது இந்த 7 சதவீதம்தான்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், கணக்கில் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்த ஒருவருக்குப் பதவி உயர்வு கொடுத்து வேறு கிளைக்கு அனுப்பினார்கள். பிரிவுபசார விழாவில் நிர்வாகத்தின் நல்ல மனதைப் புகழ்ந்து பேசியது சாட்சாத் நான்தான். மாலையைக் கழற்றிக்கொண்டே அவர், "என் மேஜைக்கு யார் வர்றாங்கன்னு பாருங்க தம்பி" என்றார். திங்கட்கிழமை மேலாளரின் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கேருக்கு அப்போது 73 வயது. குயின்ஸ்லாந்தின் முதல்வராக இருந்தவர். 1957இல் தொழிற்கட்சி அவரை நீக்கியது. பிறகு தலைமை தாங்கிய ஜனநாயகத் தொழிற்கட்சியிலும் 1973இல் தலைமைப் பதவி போனது. மனம் நொந்த கிழவருக்கு அயர்லாந்தின் தலைநகர் டப்ளினைக் காட்டினால் வேண்டாம் என்பாரா? அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

திட்டம் பாழானதுதான் வேடிக்கை. ஏப்ரல் 2ஆம் தேதி செய்தி கசிந்துவிட்டது. கேர் இன்னும் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருக்கவில்லை. அன்றிரவு எதிரணியில் இருந்த கிராமப்புறக் கட்சி செனட்டர்கள், அவர் கடிதம் கொடுக்கப் போகாதபடி ஓர் அறையில் உட்காரவைத்து இறாலும் பீருமாக உபசரித்தார்கள். அந்தப் பக்கம் அதே கட்சிக்காரரான குயின்ஸ்லாந்து முதல்வர் பியெல்கி-பீட்டர்சன், கேர் விலகும் முன்பே, நள்ளிரவுக்குள் 5 இடங்களுக்கு மட்டும் தேர்தல் ஆணை பிறப்பிக்க வைத்துவிட்டார். ஆறாவது இடம் அம்போ.

அப்புறம் எதிர்க்கட்சி நிதி மசோதாவைத் தடுப்போம் என்று மிரட்ட, விட்லம் இரு அவைகளையும் கலைத்தார். மே 18 தேர்தலில் அவர் ஆட்சி பிழைத்தது. கேரின் பழைய கட்சிக்குச் செனட்டில் ஓர் இடம்கூட மிஞ்சவில்லை. கேர் மட்டும் டப்ளின் போய்ச் சேர்ந்தார். 1976இல் அடுத்த அரசு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

சரி, தொழில்முறைத் தூதரா, அரசியல்வாதியா என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? இரண்டிலும் நல்லவர்கள் உண்டு. அடுத்த முறை இப்படி ஒரு நியமனச் செய்தி வந்தால், அந்தத் தொகுதியில் போன தேர்தலின் வாக்கு வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.